இல்லத்தில் மழலைப்பருவக் கற்றல் (சவ்வாது மலை)

இல்லத்தில் மழலைப்பருவக் கற்றல் என்பது, குழந்தை பிறந்தது முதல் ஏறத்தாழ மூன்று வயது நிறையும் வரை, வீட்டில் உள்ளோர் அளிக்கும் பேச்சு, விளையாட்டு, அரவணைப்பு, உணவு ஆகியவற்றின் வழியாக நிகழும் கற்றலைக் குறிக்கும். எழுத்தைக் காட்டுவதோ எண்களை மனப்பாடம் செய்விப்பதோ இதன் நோக்கமன்று. குழந்தை பார்ப்பதையும் தொடுவதையும் ஒலிப்பதையும் பெரியோர் கவனித்து, அதற்கு மறுமொழி தருவதே இதன் அடிப்படை ஆகும்.

இக்கட்டுரை தமிழ்நாட்டின் சவ்வாது மலைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது. சிதறிய சிற்றூர்களைக் கொண்ட மலைப்பகுதிகளில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வீட்டைத் தவிர வேறு கற்குமிடம் பெரும்பாலும் இல்லை. ஆகையால் வீடு இதை எவ்வாறு செய்கிறது, எவை அதற்குத் தடையாக உள்ளன என்னும் வினாக்கள் இங்கு கூடுதல் முக்கியத்துவம் பெறுகின்றன.

இடமும் மக்களும்

சவ்வாது மலை (ஜவ்வாது மலை, ஜவ்வாதி மலை எனவும் எழுதப்படும்) கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. திருப்பத்தூர் மாவட்டம் 2019 இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. செய்யாறு இம்மலையில் தோன்றுகிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதியில் அமைந்துள்ள ஜமுனாமரத்தூர் இம்மலையின் முதன்மையான ஊர் ஆகும். வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ள காவலூரும் இம்மலையிலேயே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது.

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் கேரளத்தின் மலையாள மொழி பேசுவோர் அல்லர். மலையை ஆள்வோர் அல்லது மலையில் வாழ்வோர் என்னும் பொருளிலேயே இப்பெயர் வழங்குகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களின் வழிவழிக் கதை. இவர்கள் பேசுவது தமிழே; எனினும் ஒலிப்பிலும் சொற்களிலும் சமவெளி வழக்கிலிருந்து வேறுபடும் கூறுகள் இப்பேச்சில் உண்டு. சாமை, கேழ்வரகு, நெல் ஆகியவற்றைப் பயிரிடுவதும், தேன், புளி, கடுக்காய் முதலியவற்றைச் சேகரிப்பதும் முதன்மைத் தொழில்கள். உள்ளூரில் வேலை குறையும் காலங்களில் பலர் வெளியூர்களுக்குக் கூலி வேலைக்குச் செல்கின்றனர்.

முதல் மூன்று ஆண்டுகளின் முதன்மை

பிறந்த குழந்தையின் மூளை எடையளவில் வளர்ந்தோர் மூளையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். மூன்று வயதுக்குள் அது ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை எட்டிவிடுகிறது. இக்காலத்தில் நரம்புக் கலங்களுக்கிடையே இணைப்புகள் மிக விரைவாக உருவாகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்புகள் வலுப்பெறுகின்றன. பயன்படாதவை மெல்ல நீக்கப்படுகின்றன.

இணைப்புகளைப் பயன்படுத்த வைக்கும் முதன்மையான தூண்டல் மனிதத் தொடர்பே. குழந்தை ஓர் ஒலியை எழுப்புகிறது; தாய் அதே ஒலியைத் திருப்பிச் சொல்கிறாள்; குழந்தை மீண்டும் ஒலிக்கிறது. குழந்தை ஒன்றைச் சுட்டுகிறது. தந்தை அதன் பெயரைச் சொல்கிறார். பந்தைத் தட்டித் திருப்பி அனுப்புவது போன்ற இப்பரிமாற்றமே பிற்காலப் பேச்சுக்கும் சிந்தனைக்கும் அடித்தளம் என வளர்ச்சி உளவியலாளர்கள் கருதுகின்றனர். மறுமொழியற்ற ஒலிகள், எடுத்துக்காட்டாகத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ வரும் பேச்சு, இப்பணியைச் செய்வதில்லை. உலக சுகாதார அமைப்பு 2019 இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஓராண்டு நிறையாத குழந்தைகளுக்குத் திரைப் பயன்பாடு கூடாது. இரண்டு வயது வரையிலும் அது பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மிகக்கூடாது.

தமிழ் மரபில் மழலைப்பருவம்

குழந்தையின் வளர்ச்சியை மாத அளவில் உற்றுநோக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகை குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொதுவானவை. இறுதி மூன்றும் ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனவும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் முதலியனவாகவும் அமையும். பாட்டியல் நூல்கள் இப்பருவங்களை ஏறத்தாழ மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரை வகுக்கின்றன. மாதக் கணக்கு நூலுக்கு நூல் சற்று வேறுபடும். இவ்வகையில் கிடைத்துள்ள முதல் நூல் 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் ஆகும்.

செங்கீரைப் பருவத்தில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணிப் பருவத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. வருகைப் பருவத்தில் தளர்நடை இடுகிறது. அம்புலிப் பருவத்தில் பெரியோர் நிலவைச் சுட்டி விளையாட அழைக்கின்றனர். இவற்றுள் பலவும் இன்றைய குழந்தை மருத்துவர்கள் கேட்டறியும் வளர்ச்சிப் படிகளுடன் ஒத்துப்போகின்றன. கைகொட்டல் இரு கைகளின் ஒத்திசைவையும், நிலவைச் சுட்டுவது இருவர் ஒரே பொருளை நோக்கும் இணைகவனத்தையும் வளர்க்கும்.

பிள்ளைத்தமிழ் அரசரையும் தெய்வத்தையும் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட புலவர் இலக்கியமாகும். அதே உற்றுநோக்கலின் வாய்மொழி வடிவமாகத் தாலாட்டும், கைவீசல், சாய்ந்தாட்டம் போன்ற விளையாட்டுப் பாடல்களும் தமிழகமெங்கும் வழங்குகின்றன. இவற்றில் சொல், ஓசை, உடலசைவு ஆகிய மூன்றும் ஒருங்கே வருவதால், குழந்தை சொல்லின் பொருளை அசைவுடன் சேர்த்துக் கற்கிறது.

வளர்ச்சிப் படிகளும் வீட்டுச் செயல்களும்

கீழ்க்காணும் வயது எல்லைகள் தோராயமானவை. உலக சுகாதார அமைப்பு இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடத்தி 2006 இல் வெளியிட்ட ஆய்வில், நலமுள்ள குழந்தைகள் பிடிமானமின்றி உட்காரத் தொடங்கும் வயது ஏறத்தாழ 4 முதல் 9 மாதம் வரையிலும், தனித்து நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 முதல் 18 மாதம் வரையிலும் வேறுபட்டது. எனவே அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவது பொருத்தமற்றது.

* பிறப்பு முதல் 3 மாதம்: குழந்தை ஏறத்தாழ 20 முதல் 30 செ.மீ. தொலைவில் உள்ள முகத்தைத் தெளிவாகக் காணும். பாலூட்டும்போது தாயின் முகம் ஏறத்தாழ இத்தொலைவில்தான் இருக்கும். அப்போது முகம் பார்த்துப் பேசுதலும் பாடுதலும் போதுமானவை.
* 4 முதல் 6 மாதம்: கைக்கு எட்டும் பொருளைப் பற்றி வாயில் வைக்கும். கிலுகிலுப்பை, தூய்மையான மரக் கரண்டி, துணிப் பந்து ஆகியவற்றைக் கொடுக்கலாம். நாளில் பலமுறை பாயில் குப்புறப் படுக்கவிட்டு அருகில் அமர்ந்திருக்கலாம்.
* 7 முதல் 9 மாதம்: மறைந்த பொருள் இல்லாமற் போவதில்லை என்பதை உணரத் தொடங்கும். சொம்பைத் துணியால் மூடித் திறந்து காட்டுவதும், முந்தானையால் முகத்தை மறைத்து விளையாடுவதும் இவ்வுணர்வை வளர்க்கும்.
* 10 முதல் 12 மாதம்: சுட்டிக் காட்டும், கையசைக்கும், பெயர் சொன்னால் திரும்பும். குழந்தை சுட்டும் பொருளின் பெயரை உடனே சொல்லுதல் வேண்டும்.
* 13 முதல் 18 மாதம்: தளர்நடையிடும், சில சொற்களைப் பேசும். நடைவண்டி தள்ளுதல், கொட்டாங்குச்சியில் மண்ணை நிரப்பிக் கொட்டுதல், பாத்திரங்களை ஒன்றனுள் ஒன்றாக அடுக்குதல் ஆகியன ஏற்றவை.
* 19 முதல் 24 மாதம்: இரு சொற்களை இணைக்கும். குழந்தை "பால்" என்றால் "சூடான பால் வேண்டுமா?" எனச் சொற்றொடரை நீட்டிக் கொடுப்பது பயன் தரும்.
* 25 முதல் 36 மாதம்: பாவனை விளையாட்டில் ஈடுபடும், ஓயாது வினவும். சொப்புகள் வைத்துச் சமைத்தல், இலைகளை உருவம் பார்த்துப் பிரித்தல், சிறு கதை கேட்டல் ஆகியவற்றுக்கு இது உரிய காலம்.

மலைவாழ் இல்லத்தின் கற்றல் வளங்கள்

விலைக்கு வாங்கிய பொம்மைகளும் படப் புத்தகங்களும் இல்லாத வீட்டைக் கற்றல் வளமற்ற வீடாகக் கருதும் போக்கு உண்டு. இது முழுமையான கருத்தன்று. சாமையை உரலில் குத்தி முறத்தில் புடைக்கும் வீட்டில், உமியும் அரிசியும் பிரிவதைக் குழந்தை கண்ணெதிரே காண்கிறது. கனம், இலேசு, நிறைய, கொஞ்சம், உள்ளே, வெளியே என்னும் கருத்துகள் அங்கு சொல்லோடும் செயலோடும் சேர்ந்து கிடைக்கின்றன. ஆடு, மாடு, கோழி, மரம், ஓடை ஆகியவை பெயர்களையும் ஒலிகளையும் வேறுபாடுகளையும் கற்கும் களங்கள். மாலையில் முற்றத்தில் நிலவு காட்டிச் சோறூட்டுவது மொழிப்பயிற்சியே ஆகும்.

ஆனால் பொருட்கள் இருப்பதாலேயே கற்றல் நிகழ்ந்துவிடாது. வேலை செய்பவர் குழந்தையோடு பேசிக்கொண்டே செய்யும்போதுதான் அவ்வேலை பாடமாகிறது. முறத்தருகே குழந்தையை உட்கார வைத்து ஒரு பிடி உமியைக் கையில் கொடுத்து அதைப் பற்றிப் பேசுவதற்குப் பணம் தேவையில்லை; நேரமும், அது பயனுள்ளது என்னும் அறிதலும் தேவை. பாட்டி, தாத்தா, மூத்த உடன்பிறந்தோர் ஆகியோரும் இப்பணியில் பங்கு கொள்கின்றனர்.

வீட்டுப் பேச்சும் ஒரு வளமே. மலைவழக்குத் தமிழைத் தாழ்வாகக் கருதி, குழந்தையிடம் புத்தக நடையிலோ பிறமொழிச் சொற்களைக் கலந்தோ பேச வேண்டியதில்லை. பெற்றோருக்கு இயல்பாக வரும் மொழியில்தான் நீண்ட உரையாடலும் கதையும் கேலியும் அமையும். அவ்வாறு வேரூன்றிய மொழியின் மேல் பிற வழக்குகளைப் பின்னர் எளிதாகக் கற்கலாம்.

மூன்று வயதுக்கு உட்பட்டோர் சிறு பொருட்களை விழுங்கக்கூடும் என்பதால் புளியங்கொட்டை, வேர்க்கடலை, மணி, நாணயம் ஆகியவற்றை எட்டாதவாறு வைத்தல் வேண்டும். திறந்த அடுப்பு, நீர் நிறைந்த தொட்டி, கிணறு, பூச்சிக்கொல்லிக் கலன் ஆகியவற்றினருகே குழந்தையைத் தனித்து விடலாகாது.

ஊட்டமும் உடல்நலமும்

பசித்த குழந்தையும் நோயுற்ற குழந்தையும் விளையாடுவதில்லை. விளையாடாத குழந்தை கற்பதும் குறைகிறது. முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டும் கொடுத்தலும், அதன்பின் தாய்ப்பாலுடன் மசித்த இணை உணவு கொடுத்தலும் பரிந்துரைக்கப்படுகின்றன. கேழ்வரகு, சாமை ஆகியவற்றின் கஞ்சியுடன் பருப்பு, கீரை, முட்டை முதலியவற்றைச் சேர்ப்பது நலம்.

இரும்புச்சத்துக் குறைவு மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாத வயதுக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர். இவை மாநில சராசரிகளே. இவ்வளவு பரவலான குறைபாடு இருக்கும்போது விளையாட்டையும் உணவையும் தனித்தனியாகப் பார்க்க இயலாது.

ஆய்வுச் சான்றுகள்

வீட்டுவழிக் கற்றலின் நீண்டகாலப் பயனைக் காட்டும் ஆய்வுகளுள் புகழ்பெற்றது யமேக்காவின் கிங்சுடன் நகரில் 1986-87 இல் சாலி கிரந்தம்-மெக்கிரெகர் குழுவினர் தொடங்கியதாகும். வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் இதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சமூக நலப் பணியாளர்கள் வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்று, கழிவுப் பொருட்களால் செய்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு தாயும் சேயும் விளையாடுவதற்கு வழிகாட்டினர். அக்குழந்தைகள் 22 வயதை அடைந்தபோது, இவ்வாய்ப்புப் பெறாதோரை விட அவர்களின் வருவாய் 25 விழுக்காடு மிகுதியாக இருந்தது என 2014 இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. இம்முறையைத் தழுவி ஒடிசாவின் சிற்றூர்களில் நடத்தி 2020 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, வீடு வீடாகச் செல்லாமல் தாய்மாரைக் குழுவாகக் கூட்டிப் பயிற்றுவித்தாலும் குழந்தைகளின் அறிதிறன் மேம்படுவதைக் காட்டியது.

சவ்வாது மலையை அடுத்த வேலூரிலும் இத்துறையில் முக்கியமான ஆய்வு நடந்துள்ளது. எட்டு நாடுகளில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுத் திட்டமொன்றின் பகுதியாக, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, நகரின் வறிய குடியிருப்புகளில் 2010 முதல் 2012 வரை பிறந்த 251 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருந்தோர் பள்ளிப் பருவத்தில் அறிதிறன் தேர்வுகளில் பின்தங்கினர் என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. இது நகர்ப்புற ஆய்வு ஆகையால் மலைப்பகுதிக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் இரண்டு வயதுக்கு முந்திய காலத்தின் முதன்மையை இது உறுதிப்படுத்துகிறது.

அரசின் பங்கு

மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் அமைத்த, மினா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972 இல் முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய அறிக்கையை அளித்தது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் உலக வங்கி உதவியுடன் 1980 இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பதை முதன்மைப் பணியாகக் கொண்டது. தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ 54,000 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவற்றில் முன்பருவக் கல்விக்கு "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்னும் பாடத்திட்டம் உருவாக்கப்பட்டது.

அங்கன்வாடியின் முன்பருவக் கல்வி ஏறத்தாழ இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியது. அதற்கு உட்பட்டோர் சத்துமாவு, தடுப்பூசி, எடை பார்த்தல் ஆகியவற்றுக்காகவே மையத்துடன் தொடர்பு கொள்கின்றனர். மேலும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 300 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 300 பேருக்கு ஒரு குறு மையம் என்பது திட்டத்தின் அளவுகோல். அதனினும் சிறிய குடியிருப்பில் உள்ள குழந்தை, மலைப்பாதையில் அடுத்த ஊருக்குச் செல்ல நேரிடும்.

இவ்விடைவெளியை நிரப்பும் நோக்கில் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2024 இல் "நவசேதனா" என்னும் தேசியச் சட்டகத்தை வெளியிட்டது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு 36 மாத நாட்காட்டியாக 140 செயல்களை இது தருகிறது. அங்கன்வாடிப் பணியாளர் வீடுகளுக்குச் சென்று பெற்றோருக்கு இவற்றைக் காட்ட வேண்டும் என்பது இதன் எதிர்பார்ப்பு.

சட்ட நிலையிலும் ஒரு வேறுபாடு உண்டு. 2002 இல் நிறைவேறிய 86 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயது வரையிலான பராமரிப்பும் கல்வியும், அரசு முயன்று வழங்க வேண்டிய நெறியாக 45 ஆவது உறுப்பில் மட்டுமே இடம்பெற்றுள்ளன.

தடைகள்

மலைப்பகுதியில் இல்லக் கற்றலுக்குப் பெரும் தடையாக அமைவது பெற்றோரின் நேரமின்மை. வயல்வேலை, விறகு சேகரித்தல், நீர் கொணர்தல் ஆகியவற்றோடு வெளியூர்க் கூலி வேலையும் சேரும்போது, குழந்தை முதியோரிடமோ சிறு வயது அக்காவிடமோ விடப்படுகிறது. பெற்றோருடன் செல்லும் குழந்தைகள் எந்த ஊர் அங்கன்வாடியிலும் தொடர்ச்சியாக இருப்பதில்லை. எனவே இல்லக் கற்றலை ஊக்குவித்தல் என்பது தாய்மாருக்கு அறிவுரை கூறுவதோடு முடிவதில்லை. அருகில் குடிநீர், உள்ளூரில் வேலை, வேலையிடத்தில் குழந்தைக் காப்பகம், வேலையில் தந்தையின் பங்கு ஆகியவையும் அதன் கூறுகளே.

தாமதங்களை அறிதல்

கீழ்க்கண்டவை காணப்பட்டால், தானே சரியாகிவிடும் எனக் காத்திராமல் கிராம சுகாதார செவிலியரையோ மருத்துவரையோ அணுகுதல் வேண்டும்.

* மூன்று மாதம் நிறைந்தும் உரத்த ஒலிக்கு எவ்வித எதிர்வினையும் காட்டாமை
* ஒன்பது மாதம் நிறைந்தும் பிடிமானத்துடன்கூட உட்கார இயலாமை
* ஓராண்டு நிறைந்தும் மழலை ஒலியோ சுட்டிக்காட்டலோ இன்மை
* ஒன்றரை ஆண்டு நிறைந்தும் தனித்து நடவாமை
* இரண்டு ஆண்டு நிறைந்தும் இரு சொல் இணைப்பு இன்மை
* எவ்வயதிலும், முன்பு கற்ற திறனை இழத்தல்

2013 இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்கின்றனர். குறைபாடு கண்டறியப்பட்டோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படுகின்றனர். செவித்திறன் குறைவை முதல் ஆண்டிலேயே கண்டறிந்தால் பேச்சை மீட்கும் வாய்ப்பு மிகுதி.

பள்ளிக்கு மாறுதல்

சவ்வாது மலையில் பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளும் வனத்துறைப் பள்ளிகளும் உள்ளன. தொலைவிலுள்ள சிற்றூர்களின் குழந்தைகள் பலர் முதல் வகுப்பு முதலே விடுதியில் தங்கிப் படிக்கின்றனர். அதாவது, சமவெளிக் குழந்தை பள்ளி முடிந்து மாலையில் வீடு திரும்பிப் பெறும் பேச்சும் கதையும் இக்குழந்தைகளுக்கு விடுமுறை நாட்களில் மட்டுமே கிடைக்கும். பெற்றோருடன் தொடர்ந்து வாழும் காலம் இங்கு ஆறு வயதுக்குள் முடிந்துவிடுவதால், அக்காலத்தில் நிகழும் கற்றலைப் பின்னாளில் ஈடுசெய்வது கடினம்.

பள்ளிக்கு வரும் குழந்தை எழுத்தறியாமல் இருப்பது குறையன்று. தன் பெயரையும் தேவையையும் தயங்காமல் சொல்லவும், கேட்ட கதையைத் திருப்பிக் கூறவும், அறியாததை வினவவும், பிற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடவும் பழகியிருந்தால் எழுத்தை ஆசிரியர் கற்பித்துவிடலாம். அவ்வாறு பழக்குவதற்கு எழுத்தறிவு தேவையில்லை என்பதால், பள்ளி செல்லாத பெற்றோரும் பாட்டி தாத்தாவும் தம் குழந்தையின் முதல் ஆசிரியர்களாக விளங்க இயலும்.